மாநிலமா, வாஷிங்டனா? லா ஃபொலெட் வாழ்க்கையை வைத்து ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் வளர்ந்த நம் பிள்ளைகளில் சிலருக்கு இப்போது அரசியல் ஆசை வந்திருக்கிறது. சட்டம் படித்தவர்கள், பள்ளி வாரியக் கூட்டங்களில் எழுந்து பேசிப் பழகியவர்கள், யாரோ ஒரு வேட்பாளருக்காக வீடு வீடாகக் கதவு தட்டியவர்கள். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நின்றால் எதற்கு நிற்பது? மாநில அளவில் தொடங்குவதா, நேரே காங்கிரஸுக்கே, அதாவது வாஷிங்டனில் இருக்கும் நாடாளுமன்றத்துக்கே, போட்டியிடுவதா? பெற்றவர்கள் கேட்பது வேறு: எதில் செலவு குறைவு, எதில் வீட்டில் இருப்பார்கள்?

பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் யாருக்கும் உதவாது. அதனால் இரண்டு பக்கமும் இருந்து பார்த்த ஒருவரைப் பிடித்துக்கொள்கிறேன். ராபர்ட் லா ஃபொலெட், விஸ்கான்சின்காரர், 1855-ல் பிறந்து 1925-ல் இறந்தவர். மாவட்ட அரசு வழக்கறிஞர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர், கவர்னர், செனட்டர், ஜனாதிபதி வேட்பாளர் என்று ஏறக்குறைய எல்லாப் படிகளிலும் கால் வைத்தவர். பல படிகளில் வழுக்கியும் விழுந்தவர். ஜெயித்துக்கொண்டே போனவர்களை விட இப்படிப்பட்டவரிடம்தான் கற்க நிறைய இருக்கிறது. காலம் வேறு என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பதவிகளின் எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை. மாறிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, நினைத்த காரியம் நடக்குமா, நடக்க எத்தனை வருஷம் ஆகும் என்பது. பதவியின் உயரத்தைப் பார்ப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அடுத்தது, வாக்காளர்கள் எவ்வளவு சீக்கிரம், எந்தக் காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்பலாம் என்பது. மூன்றாவது பணம், உடம்பு, குடும்பம். நான்காவது, நாம் இடத்தை விட்டுப் போனபின் செய்ததில் எது மிஞ்சும், நமக்குப் பின்னால் யார் வந்து உட்காருவார்கள் என்பது. இந்த நான்காவதை யாரும் யோசிப்பதில்லை. லா ஃபொலெட்டுக்கு அடி விழுந்தது அங்கேதான்.

## பிரதிநிதிகள் சபை

1880-ல் மாநிலத் தலைநகரான மேடிசன் இருக்கும் டேன் மாவட்டத்துக்கு அரசு வழக்கறிஞராக நிற்க லா ஃபொலெட் கிளம்பியபோது, ஊர்த் தபால் அதிகாரி இலைஷா கீஸ் வேண்டாம் என்று தடுத்தார். தபால் அதிகாரிக்கு இதில் என்ன வேலை என்று தோன்றும். அந்தக் காலத்தில் அந்த உத்தியோகம் கட்சி தரும் பரிசு. அந்த வட்டாரத்துக் குடியரசுக் கட்சியே கீஸின் சட்டைப்பையில்தான் இருந்தது. லா ஃபொலெட் கேட்கவில்லை. குதிரை வண்டியில் பண்ணை பண்ணையாகப் போய் ஓட்டுக் கேட்டார். நார்வேயிலிருந்து குடியேறியவர்களுக்கு நடுவே வளர்ந்தவர் என்பதால் அவர்கள் பாஷையும் கொஞ்சம் வரும். ஜெயித்தார். நான்கே வருஷத்தில், 1884-ல், காங்கிரஸுக்கும் ஜெயித்தார். சபையிலேயே வயதில் இளையவர் அவர்தான்.

மூன்று தேர்தல், ஆறு வருஷம். கடைசி இரண்டு வருஷம் வரிச் சட்டங்களை எழுதும் குழுவில் இடம் கிடைத்தது. 1890-ன் மெக்கின்லி சுங்கவரிச் சட்டத்தில் அவர் கையும் உண்டு. அதே வருஷம் நவம்பரில் தோற்றார். இறக்குமதிப் பொருளுக்கெல்லாம் விலை ஏறுகிறது என்ற கோபம் ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் கவனிக்க வேண்டியது: பள்ளிகளில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடக்க வேண்டும் என்று 1889-ல் விஸ்கான்சின் சட்டமன்றம் போட்ட பென்னட் சட்டம். ஜெர்மன் மொழியில் பள்ளி நடத்திவந்த லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் குடியரசுக் கட்சி மேல் கொதித்துப்போனார்கள். கட்சி மாநிலம் முழுக்கத் துடைக்கப்பட்டது. வாஷிங்டனில் இருந்தவர், மேடிசனில் வேறு யாரோ எழுதிய சட்டத்துக்கும் சேர்த்துத் தண்டனை வாங்கினார்.

இன்றைக்கும் சபைப் பதவிக்காலம் இரண்டே வருஷம். 435 பேரில் ஒருவர், தொகுதியில் சராசரியாக 7.6 லட்சம் பேர், சம்பளம் வருஷத்துக்கு 1,74,000 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். தொகுதியில் ஒரு வீடு, வாஷிங்டனில் ஒரு வாடகை அறை என்று ஆகும்போது தெரியும். ஒரு தேர்தலுக்கு ஒரு தனிநபரிடம் வாங்கக்கூடிய நன்கொடைக்கு உச்சவரம்பு இருக்கிறது. 2025-26 சுழற்சியில் அது 3,500 டாலர். அதனால் ஒரு பணக்கார மாமாவை வைத்துக் காரியம் நடக்காது, நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போன் போட வேண்டும். பதவியேற்ற மறுவாரமே அடுத்த தேர்தலுக்கான போன் தொடங்கிவிடும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எச்-1பி விசாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் நன்கொடை தரக் கூடாது, அது சட்டவிரோதம். கிரீன் கார்டு இருந்தால் தரலாம்.

எப்போது இது சரியான வழி? உங்களைத் தூங்கவிடாத விஷயம் மத்திய அரசின் கையில் இருக்கும்போது. குடியேற்றம், கிரீன் கார்டு வரிசை, போர், வருமான வரி, இவற்றில் மாநிலத்தில் இருந்துகொண்டு தலைகீழாக நின்றாலும் ஒன்றும் நடக்காது. கூடவே இன்னொன்றும் வேண்டும்: காலி இடம். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2014-ல் வாஷிங்டன் மாநில செனட்டுக்கு (மாநில சட்டமன்றத்தின் மேல்சபை) ஜெயித்தார். நீண்ட காலம் இருந்த ஜிம் மெக்டெர்மட் ஓய்வு பெற்றதும் 2016-ல் அந்த இடத்துக்கு நின்று காங்கிரஸுக்குப் போனார். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான ராஜா கிருஷ்ணமூர்த்தி 2010-ல் இல்லினாய் மாநிலக் கணக்கு அதிகாரி பதவிக்கான உட்கட்சித் தேர்தலில் (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) தோற்றார், 2012-ல் காங்கிரஸ் உட்கட்சித் தேர்தலில் டாமி டக்வொர்த்திடம் தோற்றார். 2016-ல் டக்வொர்த் செனட்டுக்குப் போட்டியிடக் கிளம்பியபோது அதே தொகுதியில் ஜெயித்தார். திறமை இரண்டு முறையும் ஒன்றுதான். நாற்காலி காலியாக இருந்ததுதான் வித்தியாசம்.

## கவர்னர்

அமெரிக்கக் கவர்னர் மத்திய அரசு அனுப்பிவைக்கும் ஆள் கிடையாது, மக்கள் ஓட்டில் வருபவர். நம் முதலமைச்சரை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்தப் பதவிக்கு வர லா ஃபொலெட்டுக்குப் பத்து வருஷம் ஆனது. 1890-ல் தோற்று ஊருக்கு வந்து வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டிருந்தவரை, 1891-ல் மரவியாபாரக் கோடீஸ்வரரும் செனட்டருமான ஃபிலெட்டஸ் சாயர் கூப்பிட்டனுப்பினார். முன்னாள் மாநிலப் பொருளாளர்கள் மேல் ஒரு வழக்கு. விசாரிக்கும் நீதிபதி லா ஃபொலெட்டின் அக்கா கணவர். சாயர் லஞ்சம் கொடுக்கப் பார்த்தார் என்று லா ஃபொலெட் வெளியே சொன்னார். அது வக்கீல் ஃபீஸ்தான் என்றார் சாயர். எது எப்படியோ, கட்சிப் பெரியவர்கள் லா ஃபொலெட்டை ஒதுக்கிவைத்தார்கள். 1896-லும் 1898-லும் கவர்னர் வேட்பாளராகக் கட்சி மாநாட்டில் முயன்று தோற்றார். 1900-ல்தான் வந்தது.

வந்ததும் எல்லாம் நடந்துவிடவில்லை. வேட்பாளர்களை மாநாட்டுப் பேரம் இல்லாமல் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல், ரயில் கம்பெனிகளுக்குச் சொத்து மதிப்பில் வரி என்று இரண்டு பெரிய வாக்குறுதிகள். 1901 சட்டமன்றம் இரண்டையும் தடுத்தது. அதே சட்டமன்றம் நாய்களுக்கு வரி போட ஒரு மசோதா அனுப்பியது. ரயில் கம்பெனிகளை விட்டுவிட்டு விவசாயியின் நாய்க்கு வரியா என்று வீட்டோ செய்தார்.

அப்புறம் அவர் செய்ததுதான் அவருடைய அரசியலின் சாரம். எதிர்த்து ஓட்டுப் போட்ட உறுப்பினர்களின் ஊர்களுக்கே போனார். சட்டமன்றப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் உறுப்பினர் ரயில்வே மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார், உட்கட்சித் தேர்தல் மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். திட்டவே இல்லை, வெறும் பதிவு. அது போதுமானதாக இருந்தது. 1903-ல் ரயில்வே வரி நிறைவேறியது. உட்கட்சித் தேர்தல் சட்டமும் நிறைவேறி, 1904 நவம்பரில் பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 1905-ல் ரயில்வே ஆணையமும், பரிந்துரை இல்லாமல் தேர்வு வைத்து ஆளெடுக்கும் சட்டமும் வந்தன. நாலரை வருஷத்தில் ஒரு மாநிலத்தின் ஆட்சி முறையே மாறியது.

இதற்குக் கொடுத்த விலை, கட்சி இரண்டாகப் பிளந்தது. 1904 மேயில் பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்த மாநாட்டில், எதிரணி புகுந்துவிடாமல் இருக்க வாசலில் முள்கம்பி கட்ட வேண்டியிருந்தது. எதிரணி வெளியேறி ஒரு நாடகக் கொட்டகையில் தனி மாநாடு போட்டது. எது உண்மையான கட்சி என்று கடைசியில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம்தான் சொன்னது.

கவர்னர் பதவிக்கு அன்று விஸ்கான்சினில் இரண்டு வருஷம்தான் காலம், இன்று நான்கு. பெரும்பாலான மாநிலங்களிலும் நான்குதான், நியூ ஹாம்ப்ஷயரும் வெர்மான்ட்டும் மட்டும் இன்னும் இரண்டில் நிற்கின்றன. வீட்டோ, நியமனம், பட்ஜெட் மூன்றும் ஒரே கையில் இருக்கும் வேறு பதவி மாநில அளவில் கிடையாது. பள்ளி, சாலை, இன்சூரன்ஸ் விதிகள், பல்கலைக்கழகக் கட்டணம் என்று அன்றாட வாழ்க்கையைத் தொடுகிற விஷயங்கள் மனதில் இருந்தால் இதுதான் உங்கள் திசை. ஆனால் முதல் தேர்தலிலேயே இதற்கு நிற்க முடியாது. மாநிலம் முழுக்க முகம் தெரிந்திருக்க வேண்டும்.

## செனட்

1905 ஜனவரியில் விஸ்கான்சின் சட்டமன்றம் லா ஃபொலெட்டை செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. அப்போது செனட்டரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அது 1913-ல் 17-ஆவது திருத்தம் வந்தபின்தான். யாராக இருந்தாலும் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். இவர் போகவில்லை. நிலுவையில் இருந்த சட்டங்கள் முடியும்வரை கவர்னராகவே இருந்து, 1906 ஜனவரியில்தான் செனட்டில் போய் உட்கார்ந்தார். பின்னாளில் லூசியானாவின் ஹியூய் லாங் இதையே இன்னும் அடாவடியாகச் செய்தார்: 1930-ல் செனட்டுக்கு ஜெயித்து, 1932 ஜனவரி வரை கவர்னர் நாற்காலியை விடவில்லை. எழுந்தால் பகையாளியான துணைக் கவர்னர் உட்கார்ந்துவிடுவாரே! குணத்தில் இந்த இரண்டு பேருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் அதிகாரம் எங்கே இருக்கிறது என்ற கணக்கு மட்டும் இருவருக்கும் ஒன்றாகவே வந்திருக்கிறது.

போன இடத்தில் வரவேற்பு எப்படி? புது உறுப்பினருக்கு ஒரு குழுத் தலைமை தந்தார்கள். பொடோமாக் ஆற்றின் வாஷிங்டன் கரை எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்கும் குழு. அந்தக் குழுவுக்கு மசோதா எதுவும் வந்ததே இல்லை. ஒரு மாநிலத்தையே நடத்திவிட்டு வந்தவருக்கு ஆற்றங்கரை! ஏப்ரலில் ரயில்வே மசோதா பற்றி அவர் பேச எழுந்ததும் மூத்த செனட்டர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். இப்போது தற்காலிகமாகக் காலியாகும் இருக்கைகள் நிரந்தரமாகக் காலியாகலாம் என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். ரயில்வே சொத்துகளை மதிப்பிட்டு அதன்படி கட்டணம் வைக்க வேண்டும் என்று அப்போது கேட்டார். அதற்கான சட்டம் 1913-ல் வந்தது. ஒரே ஒரு யோசனைக்கு ஏழு வருஷம். விஸ்கான்சினில் நாலரை வருஷத்தில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செனட் தரும் உண்மையான ஆயுதம் வேறு: தனி ஆளாக நின்று தடுக்கலாம். 1908 மே மாதம் ஒரு வங்கி மசோதாவை எதிர்த்துப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நடுவில் செனட் உணவகத்திலிருந்து வந்த முட்டை கலந்த பால் கெட்டுப்போயிருந்து வயிறு கலங்கியது. அப்படியும் உட்காரவில்லை, மசோதா மட்டும் நிறைவேறியே விட்டது. 1917-ல் வணிகக் கப்பல்களில் பீரங்கி ஏற்றும் மசோதாவை அவரும் இன்னும் சிலரும் பேசிப் பேசியே காலாவதியாக்கினார்கள். அந்த வாரமே செனட் முதல் முறையாக விவாதத்தை முடித்துவைக்கும் விதியைக் கொண்டுவந்தது. ஆக்கியதும் உண்டு: கடலோடிகளின் பணிநிலையை மாற்றிய 1915 சட்டம் அவர் பெயரிலேயே இருக்கிறது.

ஆறு வருஷப் பதவிக்காலத்தின் அருமை 1917-ல்தான் தெரிந்தது. ஜெர்மனி மேல் போர் தொடுக்க 82 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. ஆறில் ஒருவர் இவர். கொடும்பாவி எரித்தார்கள். அவர் படித்த பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களே கண்டனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். செயின்ட் பால் நகரில் அவர் பேசியதைச் செய்தி நிறுவனம் தலைகீழாக மாற்றி வெளியிட, செனட்டிலிருந்து நீக்கக் கோரிக்கை எழுந்தது. 1919 ஜனவரியில் 50-க்கு 21 என்று அது தள்ளுபடியானது. இரண்டு வருஷப் பதவியில் இருந்திருந்தால் 1918-லேயே கதை முடிந்திருக்கும். அவருக்கு அடுத்த தேர்தல் 1922-ல். கோபம் ஆறியிருந்தது, எளிதாக ஜெயித்தார். அந்த இடைவெளியில் கிடைத்த இன்னொரு பலன், டீபாட் டோம் எண்ணெய் ஊழலை விசாரிக்க 1922-ல் அவர் கொண்டுவந்த தீர்மானம்.

மறைந்திருக்கும் செலவுக்கு வருகிறேன். செனட்டர் சம்பளத்தில் கடன் அடையாமல், கோடைதோறும் ஊர் ஊராகக் காசுக்குச் சொற்பொழிவு ஆற்றினார். 1909-ல் தொடங்கிய வாரப் பத்திரிகையும் கையைக் கடித்தது. வயிற்றுக் கோளாறு வாழ்நாள் முழுக்க. மனைவி பெல் கேஸ், விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் முதல் பெண் பட்டதாரி; பத்திரிகையிலும் மேடையிலும் பாதி பாரத்தைச் சுமந்தவர். அவர் இல்லாமல் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது என்பது என் அபிப்பிராயம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு ஊரில்தான். 1906-ல், அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டப்படி முதல் உட்கட்சித் தேர்தல் நடந்தது. கவர்னர் வேட்பாளராக இர்வின் லென்ரூட்டை ஆதரித்தார். மக்களோ, இவர் போனதும் கவர்னரான ஜேம்ஸ் டேவிட்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆள் வாஷிங்டன் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

## மாநில சட்டமன்றம்

லா ஃபொலெட் தொடாத ஒரே படி. அதனால் சுருக்கமாக. தொகுதி சிறியது, நடந்தே சுற்றிவிடலாம், செலவு குறைவு, தோற்றாலும் பெரிய காயம் இல்லை. வம்பு சம்பளத்தில்: நியூ ஹாம்ப்ஷயரில் 400 பேர் கொண்ட கீழ்சபையில் வருஷத்துக்கு 100 டாலர், டெக்சாஸில் 7,200 டாலர், நியூயார்க்கில் 1,42,000 டாலர். முதல் இரண்டில் வேலையை விடாமல் அரசியல் செய்ய வேண்டும். லீவு தரும் முதலாளி அமைய வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | பிரதிநிதிகள் சபை | கவர்னர் | செனட் | மாநில சட்டமன்றம் |
|---|---|---|---|---|
| பதவிக்காலம் | 2 வருஷம் | பெரும்பாலும் 4 | 6 | 2 அல்லது 4 |
| காரியம் நடக்கும் வேகம் | மெதுவு | வேகம், சட்டமன்றம் ஒத்துழைத்தால் | மிக மெதுவு. தடுப்பது சுலபம் | பெரும்பான்மைக் கட்சியில் இருந்தால் வேகம் |
| குறைந்தபட்ச வயது, குடியுரிமை | 25. 7 வருஷம் | மாநிலத்துக்கு மாநிலம் மாறும் | 30. 9 வருஷம் | மாநிலத்துக்கு மாநிலம் மாறும் |
| கவனிக்காத செலவு | ஓயாத நிதி திரட்டல், இரண்டு வீடு | கட்சிப் பகை | ஊர்ப் பிடி தளரும் | சம்பளம் |

## யாருக்கு எது

குடியேற்றச் சட்டத்துக்காகத்தான் அரசியலுக்கு வருகிறேன் என்பவர் மாநிலத்தில் வருஷங்களைக் கழிக்க வேண்டாம். காலி இடம் வரும்வரை காத்திருந்து நேரே காங்கிரஸுக்கு நிற்கலாம். மற்ற யாருக்கும் மாநிலத்தையே சொல்வேன். சட்டமன்றம், பிறகு முடிந்தால் மாநில அளவிலான ஒரு பதவி. செனட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஊரில் நம்பிக்கையான ஆளை உட்கார வைத்துவிட்டு. ஜனாதிபதி ஆசை தனி விஷயம்: 1924-ல் மூன்றாவது அணியாக நின்ற லா ஃபொலெட்டுக்கு ஏறத்தாழ 48 லட்சம் ஓட்டு, 16.6 சதவீதம் கிடைத்தது. கையில் வந்த மாநிலம் விஸ்கான்சின் ஒன்றுதான். அடுத்த ஜூனில் இறந்துபோனார். சென்னையில் பிறந்து, பிறகு அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு அந்தக் கதவு அரசியல் சட்டப்படியே மூடியிருக்கிறது.

நான் மாநிலத்தின் பக்கம் சாய்வதற்கு அவருடைய இரண்டு மகன்களும் காரணம். மூத்தவர் ராபர்ட் ஜூனியர் 1925-ல் அப்பாவின் செனட் இடத்துக்கு முப்பது வயதில் வந்து இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். இளையவர் ஃபிலிப் மூன்று முறை கவர்னர். நாட்டிலேயே முதல் வேலையில்லாதோர் இழப்பீட்டுச் சட்டத்தில் 1932 ஜனவரியில் கையெழுத்திட்டது அவர்தான். 1946-ல் மூத்தவர் காங்கிரஸின் குழு அமைப்பையே சீர்திருத்தும் மசோதாவில் மூழ்கி, வாஷிங்டனிலேயே தங்கிவிட்டார். மசோதா நிறைவேறியது. ஊரில் நடந்த உட்கட்சித் தேர்தலில் 5,000-க்குச் சற்று மேற்பட்ட ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர், பின்னாளில் கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன ஜோசப் மெக்கார்த்தி.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். லா ஃபொலெட் செய்தது போல மாநிலப் பதவியில் இருந்துகொண்டே மேலே கை நீட்டுவது இப்போது எல்லா இடத்திலும் முடியாது. ஃபுளோரிடா, அரிசோனா போன்ற சில மாநிலங்களில், வேறு பதவிக்குப் போட்டியிட்டால் இருக்கும் பதவியை விட வேண்டும் என்று விதி இருக்கிறது. எப்போது, எந்தப் பதவிக்கு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாநில செனட்டில் நான்கு வருஷக் காலத்தின் நடுவில் காங்கிரஸ் இடம் காலியானால் என்ன செய்வது என்பதை, முதல் மனுவைத் தாக்கல் செய்யும் முன்பே மாநிலத் தேர்தல் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.